பெயர்ப் பலகையை மாற்றினால் போதுமா?

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எங்கள் செஞ்சிக் கோட்டை, மராத்தியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஊர் மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். அதனையொட்டிப் பேச்சுகளுக்கும் பஞ்சமில்லை. தேசிங்குராசனும் அவன் ஆருயிர்த் தோழன் மகமத்கானும் மதம் கடந்து பழகிய கதையைச் சொல்லி, 'பேதம் பாராட்டாத மண் எங்கள் மண்' என்று முடிப்பது எங்கள் ஊர்ப் பேச்சாளர்களின் பழைய வழக்கம். அண்மையில் கற்றறிந்த நண்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். அமெரிக்காவில் கறுப்பர் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி, வெள்ளையர் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி என்று சட்டம் போட்டுப் பிரித்து வைத்தார்களாம். நம் நாட்டில் கல்விக்கூடம் எவருக்கும் மூடப்பட்டதில்லையாம். இருந்த சிறு குறைகளும் என்றோ தீர்ந்துவிட்டனவாம். கூட்டமும் கைதட்டியது.

அந்த நண்பருக்கு விடை சொல்லவே இக்கட்டுரை. முதலில் அவரை நம் கோட்டைக்கே அழைத்துச் செல்ல விரும்புகிறோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை யாவரும் அறிவர். அவற்றுக்கு அப்பால் சிறியதாய் நான்காவது குன்று ஒன்று உண்டு. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். கல்லுக்கும் மலைக்கும்கூடச் சாதி வைத்த ஊரில், குழந்தைகள் அமரும் பலகைக்குச் சாதி வைக்காமலா விட்டிருப்பார்கள்? தேசிங்கின் நட்பைப் பாடிய அதே நாட்டுப்பாடகன், சாதி வரம்பைத் தாண்டிய காத்தவராயனைக் கழுமரத்தில் ஏற்றித்தான் கதையை முடித்தான் என்பதையும் நண்பர் மறந்துவிடலாகாது.

அமெரிக்காவைச் சொன்னீர்கள், நன்று. அங்கிருந்தே தொடங்குவோம். பாஸ்டன் நகரில் சாரா ராபர்ட்ஸ் என்னும் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, தன் வீட்டுக்கருகே வெள்ளையர் பள்ளிகள் ஐந்தைக் கடந்து, கறுப்பர்களுக்கென ஒதுக்கிய தொலைவான பள்ளிக்கு நடக்க வேண்டியிருந்தது. தந்தை வழக்குத் தொடுத்தார். 1849இல் அவ்வழக்கில் அக்குழந்தைக்காக வாதாடியவர் சார்லஸ் சம்னர் என்னும் பேரறிஞர். குழந்தைகளைப் பிறப்பால் பிரித்து அமர்த்தும் கொடுமைக்குப் பெயர் தேடிய அவர், தம் நாட்டில் சொல் போதாமல் நம் நாட்டைச் சுட்டினார். பாஸ்டன் பள்ளிகளில் நடப்பது இந்தியாவின் சாதி முறையே என்பது அவர் வாதங்களுள் ஒன்று. வழக்கு தோற்றது, ஆயினும் 1855இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிகளில் அந்தப் பிரிவினையைச் சட்டத்தால் விலக்கியது. அவர்கள் தம் குற்றத்துக்கு உவமை தேடியபோது நம்மைக் கண்டார்கள். நாமோ நம் குற்றத்தை மறைக்க அவர்களைக் காட்டுகிறோம்!

பாஸ்டன் சட்டம் வந்த மறு ஆண்டு, 1856இல், தார்வார் நகரில் மகார் வகுப்புச் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் இடம் கேட்டு விண்ணப்பித்தான். கட்டணம் கட்ட இயலாமல் இல்லை, அறிவு குறைந்தவனும் இல்லை. அவனைச் சேர்த்தால் மற்றவர்கள் போய்விடுவார்கள், ஒருவனுக்காகப் பலரை இழப்பதா என்று பம்பாய் அரசு கைவிரித்தது. அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று 1858இல் இலண்டனிலிருந்து கம்பெனியின் இயக்குநர்கள் கொள்கையளவில் எழுதிவிட்டார்கள். எழுதிய காகிதத்துக்கும் திறந்த கதவுக்கும் இடையே எத்தனை காதம் என்பதை அடுத்த நூற்றாண்டு காட்டியது.

இனி நம் சென்னை மாகாணத்துக்கு வருவோம். 1893இல் பஞ்சமர் கல்விக்கென அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதனை மகாசாசனம் என்றே புகழ்ந்தோர் உண்டு. அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தன. 1919இல் அரசே கணக்கெடுத்துப் பார்த்தது. பொது நிருவாகத்தில், அதாவது மக்கள் வரிப்பணத்தில் நடந்த பள்ளிகள் 8,157. அவற்றுள் பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609. நூற்றுக்கு எட்டுகூட இல்லை. நண்பரே, 'எவருக்கும் மூடப்பட்டதில்லை' என்ற தங்கள் வாக்கியத்தை இந்த இரண்டு எண்களுக்கு அருகில் எழுதிப் பாருங்கள்.

இதில் நுட்பமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் பிரிவினைக்குச் சட்டம் இருந்தது. ஆகவே அந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் நிறுத்தி வழக்காட முடிந்தது. 1954 மே 17ஆம் நாள் பிரவுன் வழக்கில் அதனை வீழ்த்தவும் முடிந்தது. நம் மாகாணத்தில் 'பஞ்சமன் வரக்கூடாது' என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பள்ளி எங்கே இருந்தது என்பதே சட்டம்! அக்கிரகாரத்தின் நடுவே ஒரு பள்ளி. கோயில் மண்டபத்தில் ஒரு பள்ளி. ஊர்ச் சாவடியில் ஒரு பள்ளி. தனியார் வீட்டுத் திண்ணையில் வாடகைக்கு ஒரு பள்ளி. அந்தத் தெருவிலேயே நடக்கக் கூடாதவன் அந்தப் பள்ளிக்குள் எப்படி நுழைவான்? தலைமை ஆசிரியர் யாரையும் மறுக்க வேண்டிய தேவையே எழவில்லை. தெரு மறுத்தது, திண்ணை மறுத்தது, வீட்டுக்காரர் மறுத்தார். அதிகாரியின் ஏடு மட்டும் தூய்மையாக இருந்தது. ஏறத்தகாத இடங்களில் உள்ள பள்ளிகளை மாற்றவேண்டும் என்று அரசு ஆணையிட்டதும் இதனாலேதான். பொதுத் தெருவிலும் கிணற்றிலும் யாவருக்கும் உரிமை உண்டு என்று இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து 1924இல் நிறைவேற்றியதைக் கல்வி வரலாற்றில் எவரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும். பள்ளிக்கூடம் தெருவில்தான் தொடங்குகிறது.

அந்த இரட்டைமலை சீனிவாசனின் மாணவப் பருவத்தையும் சொல்லிவிடுகிறோம். அவர் கோயம்புத்தூரில் பயின்றபோது உடன் பயின்றோர் நானூறு பேர் அளவில். பத்துப் பேர் நீங்கலாக அனைவரும் பிராமணர். தம் வகுப்பும் வீடும் உறவும் தெரிந்துவிட்டால் என்னாகுமோ என்று அஞ்சி அவர் யாருடனும் விளையாடியதில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் செல்வார். பள்ளி விட்டதும் மற்றவர் தொடராவண்ணம் விரைந்து வீடு திரும்புவார். இதனை அவரே தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். 'சேர்க்கப்பட்டான்' என்று பதிவேட்டில் இருப்பதற்கும் சேர்ந்திருப்பதற்கும் உள்ள வேற்றுமை இதுதான். அரசு ஏடுகளில் அவர் ஒருமைப்பாட்டின் வெற்றிக்குச் சான்று. தம் நெஞ்சில் அவர் ஒளிந்து வாழ்ந்த சிறுவன்.

இந்த நிலையில் வேறென்ன செய்வார்கள்? தமக்கெனப் பள்ளி கண்டார்கள். கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கிறித்தவ மிஷன்கள் சேரிதோறும் கூரை போட்டன. எங்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் பள்ளி கண்டார். நந்தன் நுழையத் தடுக்கப்பட்டதாகக் கதை சொல்லும் ஊரிலேயே நந்தன் பெயரால் ஒரு வாயிலைத் திறந்தார் அவர். அந்தத் துணிச்சலை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். 1920ஐ ஒட்டி அரசு தொழிலாளர் ஆணையரை அமர்த்தி, அத்துறையின் கீழ்ச் சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. விடுதலைக்குப் பின் ஹரிஜன நலப் பள்ளி என்று பெயர் மாறி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளி என வழங்குபவை அந்த மரபில் வந்தவையே. தமிழகத்தில் அவை ஆயிரத்துக்கும் மேல்.

ஆகவே தனிப்பள்ளி என்பது பிரிந்திருக்க விரும்பியவர் கட்டியதன்று. வெளியே தள்ளியவர்களால் விளைந்தது. தள்ளியவரே பின்னர் வந்து, 'நீங்கள் ஏன் தனியே இருக்கிறீர்கள்? சாதியை வளர்க்கிறீர்களே!' என்று கேட்பது எத்தகைய நியாயம்? 1959இல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குச் சென்றார். தீண்டாமைக்கு ஆளான வகுப்பாரின் பிள்ளைகளே அங்கு மிகுதி. தலைமை ஆசிரியர் அவரை, 'அமெரிக்காவிலிருந்து வந்துள்ள நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர்' என்று அறிமுகம் செய்தாராம். முதலில் திடுக்கிட்டதாகவும், எண்ணிப் பார்த்தபின் உண்மை என்று ஒப்பியதாகவும் கிங் பிற்காலத்தில் சொன்னார். அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்துப் பத்து ஆண்டுகள் ஆகவிருந்த வேளை அது! 2001இல் டர்பன் நகரில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதி வேறு, இனம் வேறு என்று இந்திய அரசு வாதாடியது. அந்தத் தலைமை ஆசிரியருக்கு அந்த வேற்றுமை புலப்படவில்லை.

இப்போது நம் காலத்துச் செய்தி. 2023 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கை, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி முதலிய பல துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித்துறையின் கீழ்க் கொண்டுவருவதாக அறிவித்தது. 2024 ஜூனில் நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழுவும் அதனையே பரிந்துரைத்து, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்கவும் சொல்லியது. 2025இல் அரசு ஆவணங்களினின்று 'காலனி' என்னும் சொல்லை நீக்கப்போவதாக முதல்வர் அறிவித்தார். மாணவர் விடுதிகள் யாவும் 'சமூகநீதி விடுதி' என்றாயின.

இவற்றை நாம் எதிர்க்கவில்லை. இழிவு ஏறிய சொல் இறங்கட்டும். நீதியரசர் அறிக்கையில் இருந்த வேறு பலவும் நல்லவையே. நம் பூசல், பலகை மாறியதும் பணி முடிந்ததாகக் கைகழுவும் மனப்பான்மையோடுதான். சொல் பயிலும் தொழில் நமக்கு. சொல்லின் சரித்திரம் தெரியும். பஞ்சமர் என்றார்கள், அச்சொல்லில் அழுக்கேறிற்று. 1922இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் ஆதிதிராவிடர் என்ற பெயர் ஏற்கப்பட்டது. பின் ஹரிசனர். 'காலனி' என்பது ஒரு காலத்தில் புத்தம்புதிய, குற்றமற்ற ஆங்கிலச் சொல்! நகரத்தில் அதிகாரிகள் வாழும் இடத்துக்கும் அதே பெயர்தான். சேரிக்கு அதைச் சூட்டிய சில ஆண்டுகளில் சிற்றூர்களில் அது வசைச்சொல்லாயிற்று. சொல் இடத்தைத் தூய்மை செய்யவில்லை. இடத்தைப் பற்றிய எண்ணம் சொல்லைக் கெடுத்தது.

இணைப்பைத் தலித் அமைப்புகள் பலவும் எதிர்த்தபோது, 'தனித்திருக்கவா விரும்புகிறீர்கள்?' என்று சிலர் கேலி பேசினார்கள். கேலி பேசுமுன் அமெரிக்காவை மீண்டும் ஒருமுறை பார்த்திருக்கலாம். பிரவுன் தீர்ப்புக்குப்பின் இணைப்பு என்ற பெயரில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பர் பள்ளிகளே. வெள்ளையர் பள்ளியை மூடிக் கறுப்பர் பள்ளிக்குக் குழந்தைகளை அனுப்பிய ஊர்கள் அரிது. 1954 முதல் 1965 வரை பதினேழு மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியரும் தலைமை ஆசிரியரும் வேலை இழந்தனர் என்பது அங்கே பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு. வழக்கில் வென்றவர்களின் ஆசிரியர்களே தெருவில் நின்றார்கள். தூபாய்ஸ் என்னும் கறுப்பினப் பேரறிஞர் 1935இலேயே இதனை எதிர்பார்த்து எழுதினார்: கறுப்புக் குழந்தைக்கு வேண்டியது கல்வி; வெறுப்புடன் நடத்தும் ஆசிரியர் முன் கலந்து உட்காருவதைவிட அன்புடன் நடத்தும் ஆசிரியர் முன் தனியே உட்காருவது மேலாகலாம்; இரண்டுமே கெட்டுக் கிடக்கவும் கூடும் என்பது அவர் கருத்தின் சாரம். அவர் பிரிவினையின் நண்பரல்லர். வாழ்நாளெல்லாம் அதனை எதிர்த்தவர். ஆயினும் பெயரளவு இணைப்பைக் கண்டு ஏமாறாதவர்.

அதற்காக இன்றுள்ள நலப் பள்ளிகளை அப்படியே காப்போம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆசிரியர் இடங்கள் காலியாகக் கிடப்பதும் கட்டடங்கள் பழுதுற்றிருப்பதும் சட்டமன்றத்திலேயே பலமுறை பேசப்பட்டவை. எல்லோரும் சேரலாம் என்பது அங்கும் விதிதான். சேர்வோர் யார்? ஊருக்கும் காலனிக்கும் நடுவே சில நூறு கஜம். அந்த நூறு கஜத்தைக் காலனிப் பிள்ளை ஊரை நோக்கி நடந்ததே நம் ஒருமைப்பாட்டு வரலாறு முழுவதும். ஊர்ப்பிள்ளை காலனியை நோக்கி நடந்த வரலாற்றை நமக்கு யாரேனும் காட்டட்டும். 1919ஆம் ஆண்டு ஆணையும் 'அவர்கள் வரக்கூடிய இடத்துக்குப் பள்ளியை மாற்றுங்கள்' என்றதே தவிர, 'அவர்கள் இருக்கும் இடத்தில் எல்லோருக்குமான பள்ளியைக் கட்டுங்கள்' என்று சொல்லவில்லை. ஒருவழிப் பாதையைப் பாலம் என்று அழைப்பது தகுமா?

இதைவிடப் பெரிய ஏமாற்று வேறொன்று உண்டு. அது மஞ்சள் வண்ண வேனில் வருகிறது. 1974இல் பாஸ்டனில் நீதிபதி காரிட்டி, கறுப்பர், வெள்ளையர் குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றி ஒருவர் பகுதிப் பள்ளிக்கு மற்றவரை அனுப்புமாறு ஆணையிட்டார். தெற்குப் பாஸ்டனில் கறுப்புக் குழந்தைகள் வந்த பேருந்துகள்மீது கல்லெறிந்தார்கள். பின்னர்க் கல்லெறிவது நின்றது. மனம் மாறியதால் மட்டும் அன்று. வெள்ளையர் பலர் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளில் சேர்த்தனர். பலர் புறநகருக்கே குடிபெயர்ந்தனர். நம் நாட்டில் கல்லெறியும் தொல்லைகூட இல்லை. 1970களின் இறுதிவரை தமிழகத்தில் மெட்ரிகுலேசன் பள்ளிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதன்பின் ஆயிரக்கணக்கில் பெருகின. அரசுப் பள்ளியின் கதவு எல்லோருக்கும் முழுதாகத் திறந்த காலமும், வசதி படைத்தோர் அந்தப் பள்ளியை விட்டு வெளியேறிய காலமும் ஒன்றே. இது தற்செயல் என்று நம்ப நாம் ஆயத்தமாக இல்லை. ஆங்கில மோகம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை யாரோடு உட்காருகிறது என்பதை ஆங்கிலம் என்ற பெயரால் விலைக்கு வாங்கலாம் என்பதும் ஒரு காரணம். காலையில் எங்கள் செஞ்சி வட்டத்துச் சிற்றூர்ச் சாலைகளில் நின்று பாருங்கள். எந்த வேன் எந்தத் தெருமுனையில் நிற்கிறது, எந்தத் தெருமுனையில் நிற்காமல் போகிறது என்று பாருங்கள்.

ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களாவது சேர்ந்திருக்கிறார்களா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை, வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனுடன் ஒரே பள்ளியில் பயின்ற மாணவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சந்துரு குழு அமைந்ததே இதனால்தான். மணிக்கட்டில் சாதிக்கொரு வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யவும், மாணவரை அகர வரிசையில் அமர்த்தவும் அக்குழு சொல்ல வேண்டிவந்தது. 2024இல், நூற்றுக்கணக்கான ஆண்டுத் தமிழ்க் கல்வி மரபுக்குப் பின், குழந்தைகளை எப்படி உட்கார வைப்பது என்று ஒரு நீதியரசர் எழுத வேண்டியிருக்கிறது! காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்தபோது, தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டியில், சமைப்பவர் பட்டியல் வகுப்புப் பெண் என்பதால் பெற்றோர் சிலர் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் போய் உடனிருந்து உண்ண வேண்டியதாயிற்று. 1924-25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு சிறுவருக்குத் தனிப்பந்தி என்பதற்காகக் காங்கிரசே பிளவுபடும் அளவுக்குத் தமிழகம் கொதித்தது. பொதுப்பணம் பெற்ற இடத்தில் தனி இலையா என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேட்ட கேள்வி நூறாண்டு கழித்தும் இலையிலேயே கிடக்கிறது.

அரபு மொழியில் பள்ளி வகுப்புக்குப் பெயர் 'ஸஃப்'. வரிசை என்பதே அதன் நேர்ப்பொருள். தோளோடு தோள் சேர நிற்கும் வரிசைக்கும் அதே சொல்தான். நம் வாசகர்கள் நாள்தோறும் ஐவேளை அந்த வரிசையில் நிற்பவர்கள். முன்னே வந்தவர் முன்னே, பின்னே வந்தவர் பின்னே, அதற்கு மேல் அங்கே கணக்கில்லை. ஆகவே அவர்களிடம் சற்று உரிமையோடு கேட்கிறோம். வீட்டுக்கருகில் நலப் பள்ளி இருக்க, பிள்ளையை வேனில் ஏற்றி எட்டு மைல் அனுப்புகிறோமே, எதற்காக? 'அங்கே படிப்பு சரியில்லை' என்பீர்கள். நாம் போகாத பள்ளியில் படிப்பு எப்படிச் சரியாகும்? கேட்க ஆளுள்ள பிள்ளை ஒன்று அங்கே உட்கார்ந்தால் காலியிடத்துக்கு ஆசிரியர் வருவார். ஒழுகும் கூரைக்கு ஓடு வரும். தொழுகைப் பள்ளியின் வரிசையைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டு, பாடப் பள்ளியின் வரிசையை விலை கொடுத்துக் கலைப்பது நமக்கு அழகன்று.

அரசை நாம் கேட்பதும் மிகையானதன்று. இணைப்பதானால் இணையுங்கள், நலப் பள்ளியில் பணிபுரிவோரின் இடத்துக்கும், அம்மக்களுக்கென வாங்கிய நிலத்துக்கும் எழுத்தில் உறுதி தந்துவிட்டு இணையுங்கள். இரண்டு பள்ளிகளை ஒன்றாக்க நேர்ந்தால் எதை மூடுவது என்பதில் ஊர்ப்பள்ளியின் பெயரையும் சீட்டில் எழுதுங்கள். அடுத்து ஒன்றியத்துக்கு வரும் மேல்நிலைப் பள்ளி, ஆய்வுக்கூடம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றைக் காலனிப் பக்கம் கட்டுங்கள். சாலையும் பேருந்து நிறுத்தமும் அங்கே போகட்டும். ஊர்ப்பிள்ளைகள் அந்தச் சில நூறு கஜத்தை நடந்து வரட்டும். பெற்றோர் மறுப்பார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். 1856இல் பம்பாய் அரசும் அதைத்தான் சொல்லியது.

வரும் ஜூனில் பள்ளிகள் திறக்கும். எங்கள் வட்டத்து நலப் பள்ளி எதிலேனும் ஊர்த்தெருப் பிள்ளை ஒன்று புதிதாகப் பெயர் பதிந்தால், அந்தப் பெற்றோரின் வீடு தேடிச் சென்று ஸலாம் சொல்லிவிட்டு, அச்செய்தியை இவ்விதழுக்கு எழுதி அனுப்புவோம். கைதட்டிய நண்பர்களுக்கும் ஒரு படி அனுப்பி வைப்போம்.